பின்னால் வருபவர் கண்ணுக்கு: வேலூர் சாலைக்கான சைக்கிள் விளக்கு, ரேடியம், கண்ணாடி, பெல் - ஒரு மதிப்புரை

சைக்கிள் கடைக்குப் போய் ‘லைட் ஒண்ணு குடுங்க’ என்றால் கடைக்காரர் முன்விளக்கைத்தான் எடுத்து வைப்பார். வாங்க வந்தவரும் அதை நினைத்துத்தான் வந்திருப்பார். ஆனால் கிரீன் சர்க்கிள் தாண்டிக் காட்பாடி சாலையில் இருட்டிய பிறகு சைக்கிள்காரர் அதிகம் பயப்பட வேண்டியது முதுகுப் பக்கத்தைத்தான். தெருவிளக்கு இருக்கிற இடத்தில் அவருக்கு வழி தெரிகிறது. அவர்தான் மற்றவர்களுக்குத் தெரிவதில்லை. அதனால் இங்கே ஒவ்வொரு சாமானையும் ஒரே கேள்வி கேட்டுத்தான் எடை போட்டிருக்கிறோம்: இது யார் கண்ணில், எவ்வளவு தூரத்தில் படும்? விலையும் அழகும் பெட்டியில் அச்சடித்த எண்ணும் அதற்குப் பிறகு.

முதலில் ஒரு கணக்கு. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் பைக் ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். ஓட்டுபவர் பார்த்து, என்னவென்று புரிந்து, பிரேக் பிடிக்க ஒன்றரை நொடி என்று வையுங்கள். அதிலேயே 25 மீட்டர் போயிற்று. டயர் நன்றாக இருந்து தார் காய்ந்திருந்தாலும் வண்டி நிற்க இன்னும் 20 மீட்டர் வேண்டும். மொத்தம் 45. வேகம் 80 ஆனால் இதே கணக்கு 70 மீட்டரைத் தொடுகிறது. 40 ஆனால் 26 மீட்டரில் முடிந்துவிடுகிறது. லோ பீம் வெளிச்சத்தில் கறுப்புச் சட்டைக்காரர் 70 மீட்டரில் கண்ணில் படுவார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே 100 மீட்டருக்கு அப்பாலிருந்தே ‘இங்கே ஒரு சைக்கிள்’ என்று காட்டாத எந்தச் சாமானும் நெடுஞ்சாலைக்கு லாயக்கில்லை.

ரேடியம்: போடுகிற காசுக்கு மேல் வேலை செய்வது

நம்மூரில் ரேடியம் என்றால் ஒளி திருப்பும் ஸ்டிக்கர்தான். அதற்கும் உண்மையான ரேடியத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நம்பர் பிளேட் செய்கிற கடைகளில் துண்டாக வெட்டித் தருவார்கள். வாங்கும்போது ஏமாறும் இடம் ஒன்றுண்டு. வெறுமனே பளபளக்கும் வண்ண வினைல் ஒரு வகை. விழுந்த வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் தாள் இன்னொரு வகை. பகலில் கடை வெளிச்சத்தில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். கடையின் இருட்டு மூலையில் துண்டை வைத்துவிட்டு, நான்கைந்து மீட்டர் தள்ளி நின்று, செல்போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். நல்ல தாள் விளக்குப் போட்டது போல எரியும். வினைல் மங்கலாகவே கிடக்கும். கூர்ந்து பார்த்தால் நல்ல தாளில் தேனடை போலக் கட்டம் தெரியும்.

ஒரு சைக்கிளுக்கு வேண்டியது அதிகமில்லை. பின் மட்கார்டில் சிவப்பு, 5 செ.மீ. அகலம், 20 செ.மீ. நீளம். முன் ஃபோர்க்கின் இரண்டு காலிலும் வெள்ளை. பெடலைத் தாங்கும் கிராங்க் இரண்டிலும் மஞ்சள். ஒட்டும் முன் துருவை உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்துவிட வேண்டும். இதைச் செய்யாததால்தான் ஒரு மாதத்தில் ஓரம் சுருண்டு கிளம்புகிறது. ஒட்டிய பின் ஒரு நாள் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிராங்க்கில் மஞ்சள் எதற்கு என்று கேட்பார்கள். பின்விளக்கு ஒரு சிவப்புப் புள்ளி. அது தூரத்து லாரியா, பக்கத்து சைக்கிளா என்று சட்டென்று பிடிபடாது. மேலும் கீழுமாகப் போய் வரும் மஞ்சள் புள்ளியைப் பார்த்ததும் பெடல் என்று மூளை கண்டுகொள்கிறது. இதனால்தான் பெடல் ரப்பர் கட்டையில் கம்பெனியே மஞ்சள் ரிஃப்ளெக்டர் வைத்து அனுப்புகிறது. பழைய சைக்கிள்களில் முதலில் உடைந்து விழுவதும் அதுதான். பெடல் மாற்றும்போது ரிஃப்ளெக்டர் உள்ள பெடலாகவே கேட்டு வாங்குங்கள். கழற்ற 15 மி.மீ. ஸ்பேனர் வேண்டும், இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழ் என்பதை மறந்து பலம் போட்டால் மரை நாசமாகிவிடும்.

சைக்கிள் ரிஃப்ளெக்டர்களுக்கு 2020-ல் மத்திய அரசு தரக்கட்டுப்பாட்டு ஆணை கொண்டுவந்தது. அதனால் புது சைக்கிளோடு வருகிற பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டரை ‘அசிங்கமாக இருக்கிறது’ என்று கழற்றிப் போடுபவர்கள், தரம் பார்த்துச் செய்த நல்ல சரக்கைத்தான் குப்பையில் போடுகிறார்கள்.

ரேடியத்தின் குறை மூன்று. தூசி படிந்தால் செத்துவிடும், வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பக்கவாட்டில் அதிகம் சாய்ந்து விழும் வெளிச்சத்தைத் திருப்பாது. மூன்றாவதைப் பலர் யோசிப்பதில்லை: வெளிச்சம் வந்த இடத்துக்கே திரும்பிப் போகிறது. பைக்கில் விளக்கும் ஓட்டுபவர் கண்ணும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் அவருக்கு நன்றாகத் தெரியும். லாரி டிரைவர் கண் விளக்குக்கு வெகு மேலே இருக்கிறது. திரும்பிய வெளிச்சத்தில் குறைந்த பங்குதான் அவருக்குப் போய்ச் சேரும். சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில் ஓட்டுகிறவர்கள் ரேடியத்தை மட்டும் நம்பக் கூடாது என்பது இதனால்தான்.

பின்விளக்கு: காசை இங்கே போடுங்கள்

இரண்டு வகை கிடைக்கிறது. ரிமோட்டுக்குப் போடும் மெல்லிய செல் இரண்டு போடுவது ஒன்று. யுஎஸ்பி சார்ஜ் வகை மற்றொன்று. எங்கள் ஓட்டு முதலாவதற்கு. கட்டுரை படிக்கிற பாதிப் பேர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் சார்ஜ் போட மறந்த விளக்கு எரியாது, செல் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். இன்னொரு காரணம் நம்மூர் வெயில். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சூடான நிலையில் சார்ஜ் செய்யக் கூடாது. ஏப்ரல், மே மாதங்களில் ஸ்டாண்டில் பகல் முழுக்க வெயிலில் நின்ற சைக்கிளிலிருந்து விளக்கைக் கழற்றி உடனே சார்ஜில் மாட்டினால் பேட்டரி சீக்கிரம் உப்பிவிடும். சார்ஜ் வகைதான் வேண்டும் என்றால் நிழலில் அரைமணி ஆறவிட்டு மாட்டுங்கள்.

வெளிச்ச அளவு 20 முதல் 50 ல்யூமென் போதும். அதற்கு மேல் போனால் பின்னால் வரும் சைக்கிள்காரர் கண் கூசும். மினுக்கும் மோடும் நிலையாக எரியும் மோடும் இரண்டும் இருப்பதாகப் பாருங்கள். பகலிலும் மழை மப்பிலும் மினுக்குவது கவனத்தை இழுக்கும். நல்ல இருட்டில் மினுக்கும் புள்ளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிப்பது கடினம். அப்போது நிலையாக எரியட்டும்.

எங்கே மாட்டுவது என்பதில்தான் பெரிய தப்பு நடக்கிறது. விளக்கோடு வரும் கிளாம்ப் சீட் கம்பிக்கு என்றே செய்தது. குடியாத்தம் பக்கம் பீடிக்கட்டு ஏற்றுகிற சைக்கிளிலும், பால் கேன் தொங்கும் சைக்கிளிலும், பள்ளிப் பை கேரியரில் இருக்கிற சைக்கிளிலும் அந்த விளக்கு சுமைக்குப் பின்னால் மறைந்துபோகும். கேரியரின் கடைசிக் கம்பியில் அல்லது மட்கார்டின் நுனியில்தான் மாட்ட வேண்டும். கிளாம்ப் அங்கே பொருந்தாது. தகரப் பட்டை ஒன்றில் துளை போட்டு 5 மி.மீ. போல்ட்டில் இறுக்கினால் வேலை முடிந்தது. நட்டுக்கு 8 மி.மீ. ஸ்பேனர். அடியில் ஸ்பிரிங் வாஷர் போடாவிட்டால் சாலைக் குலுக்கலில் பதினைந்து நாளில் கழன்றுவிடும். முகம் தரைக்கு இணையாக நேர் பின்னால் பார்க்க வேண்டும். வானத்தைப் பார்க்கும் பின்விளக்கு வௌவாலுக்குத்தான் வழிகாட்டும்.

ரப்பர் பட்டையில் இழுத்து மாட்டும் வகையைத் தவிர்க்கலாம். வெயிலில் பட்டை வெடித்துவிடும். நீலமும் சிவப்பும் மாறி மாறி மினுக்கும் தேர்த் திருவிழா விளக்குகளும் விற்கிறார்கள். பின்னால் வருபவருக்கு அது ஆம்புலன்ஸா, போலீஸா, சைக்கிளா என்று குழப்பம் உண்டாக்குவதுதான் அதன் ஒரே பலன். பின்னால் சிவப்பு, முன்னால் வெள்ளை. வேறு நிறம் வேண்டாம்.

முன்விளக்கு: டைனமோவா, சார்ஜா

டைனமோவைக் கேலி செய்கிறவர்கள் அதைச் சரியாக மாட்டிப் பார்த்ததில்லை. செல் வேண்டாம், சார்ஜ் வேண்டாம், யாரும் கழற்றிக்கொண்டு போக மாட்டார்கள். டைனமோ உடலின் நடுவில் ஒரு கோடு இழுத்தால் அது சக்கரத்தின் நடு அச்சில் போய் முட்ட வேண்டும். அந்தக் கோடு விலகினால் உருளை டயரை அரைக்கும், மிதிக்கக் கனக்கும், மழையில் வழுக்கி வெளிச்சம் போய்ப் போய் வரும். விட்டு விட்டு எரிந்தால் பல்பைச் சந்தேகப்படுவதற்கு முன் எர்த்தைப் பாருங்கள். திரும்பு மின்சாரம் ஃபிரேம் வழியாகத்தான் போகிறது. கிளாம்ப்பில் உள்ள கூர் ஸ்குரு பெயின்ட்டைக் கிழித்து இரும்பைத் தொட வேண்டும். முன்னும் பின்னும் பல்பு உள்ள செட்டில் ஒன்று போனால் அதன் பங்கும் மற்றதற்கே போகும். வேகமாக மிதித்தால் அதுவும் கருகும். 6 வோல்ட், 3 வாட் டைனமோவுக்கு முன்னால் 2.4 வாட், பின்னால் 0.6 வாட். இந்த அளவை மாற்றக் கூடாது.

டைனமோவின் மன்னிக்க முடியாத குறை, சைக்கிள் நின்றால் விளக்கும் நின்றுவிடும். வலப்பக்கம் திரும்பச் சாலை நடுவில் காத்திருக்கிற நொடியில்தான் வெளிச்சம் மிக அவசியம். அப்போதுதான் அது இருக்காது. எனவே முன்னால் டைனமோ, பின்னால் (டைனமோ பல்பு இருந்தால் அதைக் கழற்றாமல், கூடுதலாக) செல் விளக்கு என்பதுதான் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து வந்து போகிறவர்களுக்கு நாங்கள் சொல்லும் ஜோடி.

சார்ஜ் விளக்கு வாங்குகிறவர்கள் பெட்டியில் ‘1000 ல்யூமென்’ என்று பார்த்து மயங்க வேண்டாம். பேட்டரி கொள்ளளவு 1200 எம்ஏஎச், அதாவது 1.2 ஆம்பியர்-மணி என்று போட்டிருந்தால், அதை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் நாலரை வாட்-மணி கூட வராது. ஒரு வாட்டுக்கு 100 ல்யூமென் என்று தாராளமாகக் கணக்கு வைத்தாலும் ஆயிரம் ல்யூமென் அரைமணி கூட எரியாது. உண்மையில் 200 முதல் 300 ல்யூமென் நம் வேகத்துக்குத் தாராளம். மழைக்கு ஐபிஎக்ஸ் 4 என்ற குறி போதும், எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். ஆனால் சார்ஜ் துளையின் ரப்பர் மூடி சரியாக அமராவிட்டால் ஐப்பசி மழையில் உள்ளே பச்சைத் துரு பிடிக்கும்.

வட்ட டார்ச் போல வெளிச்சம் அடிக்கும் விளக்கைவிட, மேல்பக்கம் வெட்டினாற்போல் வெளிச்சம் முடியும் விளக்கு மேல். எதிரே வருபவர் கண்ணைக் குருடாக்கினால் அவர் நம் மேலேயே வந்து ஏறுவார். எதை வாங்கினாலும் சுவர் சோதனை ஒன்று செய்யுங்கள். சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி சைக்கிளை நேராக நிறுத்துங்கள். விளக்கு தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் இருந்தால், சுவரில் வெளிச்சத்தின் நடு 45 செ.மீ. உயரத்தில் விழ வேண்டும். அப்படியிருந்தால் சாலையில் 10 மீட்டரில் தரையைத் தொடும். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு தரும் விலையில்லா சைக்கிளில் முன்னால் கூடை இருந்தால், ஹேண்டில் பாரில் மாட்டிய விளக்கு கூடைக்குள்தான் எரியும். ஃபோர்க்கின் தலையிலோ கூடையின் முன்முகத்திலோ மாட்டுங்கள்.

கண்ணாடி, பெல்

கண்ணாடி வலப்பக்கம் ஒன்று போதும். ஹேண்டில் பார் 22 மி.மீ. குழாயா, தடித்ததா என்று அளந்து கிளாம்ப் வாங்குங்கள். குழாய் முனைக்குள் செருகும் வகைக்கு கிரிப்பின் நுனியை வெட்ட வேண்டும். குவிந்த கண்ணாடி நிறையக் காட்டும், ஆனால் வண்டி இருப்பதைவிடத் தூரத்தில் இருப்பதாகக் காட்டும். இந்தச் சாமானின் உண்மையான பலன் வேறு: கழுத்தை வலது தோள்பக்கம் திருப்பிப் பார்த்தால் ஹேண்டிலும் கூடவே வலப்பக்கம் சாயும். பின்னால் ஹாரன் அடித்ததும் திரும்பிப் பார்த்துச் சாலை நடுவுக்கு ஏறுவது இதனால்தான். கண்ணாடி இருந்தால் கழுத்து திரும்பாது, சைக்கிளும் கோடு மாறாது.

பெல் வாங்கினால் பித்தளை அல்லது இரும்புக் குமிழ், பிளாஸ்டிக் வேண்டாம். வருடத்துக்கு இருமுறை ஒரு சொட்டு மிஷின் எண்ணெய். கண்ணாடியை ஏற்றி ஏசி போட்ட காருக்குள் பெல் சத்தம் போகாது. அது நடந்து போகிறவர்களுக்கான சாமான். கார்காரருக்கு உங்கள் கைதான் பெல். திரும்புவதற்கு நாலைந்து நொடி முன்பே கையை முழங்கை மடங்காமல் நீட்டுங்கள்.

மோட்டார் வண்டிக்காரர்கள் வாங்க வேண்டியதும் உண்டு

இடப்பக்கக் கண்ணாடியின் மூலையில் ஒட்டும் 5 செ.மீ. வட்டக் குவிகண்ணாடி, மலிவான நல்ல பொருள். சைக்கிளைத் தாண்டி உடனே இடப்பக்கம் வெட்டித் திரும்புவதுதான் காந்தி நகர் திருப்பங்களில் தினமும் நடக்கிற தப்பு. பக்கத்தில் இருக்கிற சைக்கிள் இந்த வட்டத்தில் தெரியும். வெயிலில் பசை இளகும், ஆகவே ஒட்டும் முன் ஸ்பிரிட்டால் துடையுங்கள். பைக்கில் இடப்பக்கக் கண்ணாடியையே கழற்றிவிட்டவர்களுக்கு இந்தப் பத்தி உதவாது.

ஹாலஜன் பல்புக்குச் செய்த கூட்டில் வெள்ளை எல்இடி பல்பைத் திணிப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். கூட்டின் வளைவு அந்த ஒளிக்குச் செய்ததல்ல. லோ பீமிலும் வெளிச்சம் மேலே சிதறும். பின்னால் ஆள் ஏறினாலோ டிக்கியில் பாரம் வைத்தாலோ வண்டியின் மூக்கு தூக்கும்; பல கார்களில் ஸ்டியரிங் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண் போட்ட சிறு திருகு இருக்கிறது, அதைக் கூட்டி வெளிச்சத்தைத் தாழ்த்தலாம். எதிரே கார் வந்தால் டிம் செய்கிறவர்கள் சைக்கிள் வந்தால் செய்வதில்லை. சைக்கிள்காரருக்கும் இரண்டு கண்தான்.

மற்றவை காசில்லாமல் கிடைப்பவை. தாண்டும்போது ஒன்றரை மீட்டர் இடம். பாலாற்றுப் பாலத்தில் ஒதுங்க மண் ஓரம் கிடையாது. இடம் கிடைக்காவிட்டால் பின்னாலேயே போங்கள். 300 மீட்டரை 15 கி.மீ. வேகத்தில் கடக்க 72 நொடி, 40 கி.மீ. வேகத்தில் 27 நொடி. இழப்பு முக்கால் நிமிடம். ஹாரன் அடிப்பதானால் முப்பது மீட்டர் தள்ளியே ஒரு சிறு தட்டு. காதோரம் வந்து நீட்டி அடித்தால் சைக்கிள் ஆடும். நிறுத்திய காரில் வலப்பக்கக் கதவை இடது கையால் திறந்து பழகுங்கள். உடம்பு தானாகத் திரும்பும், கண் பின்பக்கம் போகும். சிஎம்சி ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவிலிருந்து வலப்பக்கம் இறங்குபவர்களுக்குக் கதவே இல்லை. ஆட்டோக்காரர்தான் ‘இந்தப் பக்கம் இறங்குங்க’ என்று சொல்ல வேண்டும்.

இந்தச் சாமான்கள் எதுவும் காப்பாற்றாத இடங்களும் உண்டு. சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் மிதித்தால் பின்னால் ஒட்டிய அத்தனை ரேடியமும் வீண். அதோடு 15-ல் போகும் சைக்கிளும் 40-ல் வரும் பைக்கும் 55 கி.மீ. வேகத்தில் நெருங்குகின்றன, ஒரே திசையில் என்றால் 25. நிற்கும் பஸ்ஸின் இடப்பக்கம் நுழைந்தால் இறங்குகிறவர் மேல் மோதுவீர்கள். சாலை விளிம்பை ஒட்டியே போனால் மணலும் சாக்கடை மூடியின் இடைவெளியும் சக்கரத்தைப் பிடிக்கும். விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே, நேர்கோட்டில் போங்கள். அம்முண்டி சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போகும் பருவத்தில் டிராக்டர் டிரெய்லருக்கு வெளியே கரும்பு நீட்டிக்கொண்டிருக்கும், பின்விளக்கும் இருக்காது. அதன் இடப்பக்கம் ஒருபோதும் நுழைய வேண்டாம். கையில் இருக்கிற ரேடியத்தில் மிச்சத் துண்டு இருந்தால், டிராக்டர்காரர் டீக்கடையில் நிற்கும்போது கொடுத்து டிரெய்லர் பின்பலகையில் ஒட்டச் சொல்லலாம்.

எதை முதலில் வாங்குவது என்றால்: ரேடியமும் பெடலும், அடுத்த மாதம் பின்விளக்கு, அதற்கடுத்து கண்ணாடி, கடைசியாக முன்விளக்கு. தெருவிளக்கே இல்லாத ஊர்ப்பாதையில் போகிறவர்கள் மட்டும் கண்ணாடியையும் முன்விளக்கையும் இடம் மாற்றிக்கொள்ளலாம். எல்லாம் மாட்டி ஒரு வாரம் ஓட்டிய பிறகு 8, 10 மி.மீ. ஸ்பேனர்களை எடுத்து எல்லா நட்டையும் இன்னொரு முறை இறுக்குங்கள். புதிதாக மாட்டியது முதல் வாரத்தில்தான் தளரும்.